மூன்று தட்டினால் ஏழு நனையும்

வால்வு என்று வீட்டிலும் வெளியிலும் எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதர், தம் உத்தியோக காலத்தில் மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம் அலறல்களைக் கேட்டவர். பயந்துவிட வேண்டாம். அதில் ஒன்றுகூடக் கத்தியால் வந்ததில்லை. அத்தனையும் தண்ணீரால் வந்தவை.

அரண்மனைப் பூங்காவின் நடுவில் ஒரு வட்ட மண்டபம் இருக்கிறது. அதைக் கட்டிய ராஜாவுக்கு நாட்டை ஆளுவதைவிட மந்திரிகளை நனைப்பதில்தான் நாட்டம் அதிகம். எட்டுத் தூண்கள், தூணுக்கு ஒன்றாக எட்டுப் பளிங்கு ஆசனங்கள், ஒவ்வோர் ஆசனத்தின் சாய்மானத்திலும் பூ வேலைப்பாட்டுக்கு நடுவே ஊசித் துளைகள். தரையின் நடுவில் ஒரு பித்தளைச் சல்லடை. மூன்றாம் ஆசனத்து மந்திரி பேச்சை நீட்டி முழக்கினால், ராஜா உலாவுவதுபோல் எழுந்து வந்து, கைத்தடியால் சல்லடையில் மூன்று தட்டுத் தட்டிவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளைபோல் தம் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். கீழே நிலவறையில் எட்டு வால்வுகளுக்கு நடுவே காத்திருக்கும் ஆள், தட்டியவர் திரும்பிப் போக அவகாசம் விட்டு இருபது எண்ணுவான், திருகுவான். மந்திரியின் பேச்சு அதோடு முடியும். சில சமயம் பதவியும்.

ராஜா போனார், ராஜ்ஜியம் போயிற்று, வழக்கம் மட்டும் போகவில்லை. வாசலில் 'நனைவது அவரவர் பொறுப்பு' என்று ஒரு பலகையை மாட்டிவிட்டு அரசாங்கமே அதைத் தொடர்ந்து நடத்தியது. சீட்டு வாங்கிய யாரும் சல்லடையில் தட்டலாம். அந்த நிலவறையில்தான் நம் வால்வு முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தார்.

ஆனால் ஒரு நாள்கூட அவர் மண்டபத்துக்குள் ஏறிப் பார்த்ததில்லை. மண்டபம் தோட்டத் துறையைச் சேர்ந்தது; மண்டபத்துக்குக் கீழே இருப்பது நீர்த் துறையைச் சேர்ந்தது. இரண்டு துறைகளுக்கும் ராஜா காலத்திலிருந்தே பேச்சுவார்த்தை கிடையாது. மண்டபத்தைத் திறக்கும்போது அவர் கீழே இருக்க வேண்டும். அவர் மேலே வரும்போது மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள். ஆகவே அவருக்கு மேலுலகம் என்றால் சத்தம்தான். அலறல்களை அவர் இனம் பிரித்து வைத்திருந்தார். கிளி அலறல், துருப்பிடித்த கதவு அலறல், "ஐயோ என் போன்!" அலறல், வாயைத் திறந்தும் சத்தமே வராத அதிகாரி அலறல். குழாய்களின் குரலும் அத்துப்படி. தண்ணீர் ஏறும்போது மூன்றாம் ஆசனத்துக் குழாய் இருமும். ஏழாம் ஆசனத்துக் குழாய்க்கு விக்கல் எடுக்கும்.

மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரத்தில் ஒரே ஓர் அலறலைத்தான் அவரால் மறக்க முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாலாம் நாள் அது. மேலே மூன்று தட்டுக் கேட்டது. இருபது எண்ணினார். மூன்று என்று எழுதியிருந்த வால்வைத் திருகினார். அப்போது ஒரு பெண்குரல் எழுந்தது பாருங்கள்! நிலவறைச் சுவரில் இருந்த பல்லிகள் எல்லாம் ராஜினாமா செய்துவிட்டு ஓடின. அலறலோடு நிற்கவில்லை அந்தக் குரல். சல்லடையில் வாயை வைத்து, ஒவ்வொரு சொல்லும் கல்வெட்டுப்போல விழ, "மூணு தட்டினேன்! ஏழுல உக்காந்திருக்கற என்னை நனைச்சிட்டியே! என்னிக்காவது ஒரு நாள் உன் முகத்தைப் பாக்காம விடமாட்டேன்!" என்றது.

தவறு எங்கே என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. மண்டபத்துப் படி கிழக்கே. நிலவறைக் கதவு மேற்கே. மேலே வருகிறவர் படியேறியதும் தம் இடக்கைப் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறார். வால்வுகளுக்கு எண் எழுதிய புண்ணியவானோ நிலவறைக் கதவில் நின்று தன் இடக்கைப் பக்கத்திலிருந்து எண்ணியிருக்கிறான். எதிரும் புதிருமாக நின்று எண்ணினால் என்ன ஆகும்? மேலே மூன்று என்றால் கீழே ஏழு. மேலே ஏழு என்றால் கீழே மூன்று. எண்களை மாற்றி எழுத ஒரு டப்பா பெயிண்ட் கேட்டார். அதற்குப் பதினோரு கையெழுத்து வேண்டும் என்றார்கள். சரிதான் போ என்று, தட்டு விழுந்ததும் மனசுக்குள் நாலைக் கூட்டியோ கழித்தோ முப்பத்தோரு வருஷத்தை ஓட்டிவிட்டார். ஓய்வு பெற்ற அன்று, கேக்கும் கண்ணீருமாக இருந்த குழப்பத்தில், அடுத்து வந்த பெண் ஃபிட்டரிடம் இந்த நாலாம் வாய்ப்பாட்டைச் சொல்ல மறந்தே போனார்.

இரண்டு மாதம் கழித்து வந்தது வினை.

அவருடைய மகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். ஒரு பையன் ஒரே மாதத்தில் நாலு தடவை வந்து கண்ணைப் பரிசோதித்துக்கொண்டான். கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. கோளாறு வேறு இடத்தில். இரு வீட்டிலும் பேச்சு எடுத்தார்கள். பையனின் அம்மா நேரில் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றார். பையனும், "அம்மா சரின்னு சொல்லிட்டா எல்லாம் சரி" என்றான். எங்கே சந்திப்பது என்ற கேள்விக்குப் பையனின் அத்தை முந்திக்கொண்டு, "பூங்கா மண்டபத்துலயே பாக்கலாமே! எங்க அண்ணி அங்கே ஒரு தடவை தெப்பமா நனைஞ்சாங்க" என்றாராம்.

மகள் இதை வந்து சொன்னபோது வால்வு காபியை மூக்கால் குடித்தார்.

"பையனோட அம்மா என்ன வேலைம்மா பாத்தாங்க?"

"ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்றவங்க. போன வருஷம்தான் ரிட்டயர்டு. ஏம்ப்பா முகம் இப்படி வெளுக்குது?"

அவர் உண்மையைச் சொன்னார். மனைவி தலையில் கைவைத்துக்கொண்டார். மகள் மட்டும் நிதானமாக, "அவங்க அந்தக் கதையைச் சொல்லாத நாளே கிடையாதாம். கீழ இருந்த ஆளு மட்டும் கையில கிடைச்சா தண்டவாளத்துல கட்டிப் போடுவேன்னு சொல்வாங்களாம். நீங்க நீர்த் துறைன்னுதான் சொல்லியிருக்கேன். அதுக்கு மேல வாயைத் திறக்காதீங்க. சத்தியமா" என்றாள்.

"சத்தியமா" என்றார் வால்வு. அவர் சத்தியத்துக்குக் கசிவு அதிகம் என்று மனைவிக்குத் தெரியும். இடுப்பில் கிள்ளுவதற்கு வசதியாகப் பக்கத்திலேயே இருப்பது என்று முடிவு செய்துகொண்டார்.

குறித்த நாள் காலையில் இரு குடும்பமும் மண்டபப் படியில் சந்தித்தன. பையனின் அப்பா முழங்கால் வலி என்று வரவில்லை. மனைவிக்கும் தங்கைக்கும் நடுவே முப்பத்தோரு வருஷம் நின்ற முழங்கால் அல்லவா, வலிக்காமல் என்ன செய்யும்? பையனின் அம்மா வாயைத் திறந்து, "வாங்க, வணக்கம்" என்றார். அவ்வளவுதான். வால்வின் முதுகுத்தண்டில் பழைய பல்லிகள் ஓடின. அதே குரல். அந்தக் குரல் 'புறப்படு' என்றால் சக்கரமில்லாத ரயிலும் புறப்படும்.

படியேறிய வால்வு அண்ணாந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கூரையெங்கும் நீலம், நீலத்தில் தங்க முலாம் பூசிய பறவைகள், ஆயிரம் இருக்கும், அவர் கணக்குக்குப் பத்தாயிரம். தூண்களில் சிப்பியும் கண்ணாடிச் சில்லும் பதித்த கொடிகள். வெயில் அவற்றில் பட்டுத் தெறித்து எல்லோர் முகத்திலும் ஓடி விளையாடியது.

"இத்தனையும் என் தலைக்கு மேலயா இருந்துச்சு!" என்று முனகினார்.

கிள்ளு விழுந்தது. "வாயை மூடுங்க, ஈ போயிடும்" என்றார் மனைவி.

பையனின் அத்தை நேராகப் போய் மூன்றாம் ஆசனத்தில் மகாராணிபோல உட்கார்ந்தார். "இது என்னோட ராசி ஆசனம். அண்ணி, நீங்க ஏழுக்குப் போங்க, பழைய மாதிரியே! பயப்படாதீங்க, இன்னிக்கு யாரும் தட்ட மாட்டாங்க." பிறகு மகளைப் பார்த்து, "உனக்குத் தெரியுமாம்மா? என்னை நனைக்கணும்னு இவங்களே தட்டி, இவங்களே நனைஞ்சாங்க. மூணுக்கும் ஏழுக்கும் வித்தியாசம் தெரியல. இவங்கதான் ஸ்டேஷன்ல எந்த வண்டி எந்தப் பிளாட்பாரம்னு முப்பது வருஷம் சொன்னாங்க! பாவம், எத்தனை பேரு வண்டியைத் தவற விட்டாங்களோ!" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

பையனின் அம்மா போய் ஏழில் உட்கார்ந்தார். பற்கள் அரைபடும் சத்தம் மாவு மில்லுக்குக் கேட்டிருக்கும். பையனும் மகளும் ஐந்திலும் ஆறிலும் உட்கார்ந்தார்கள். வால்வின் மனைவி எட்டில். வால்வு மட்டும் உட்காரவில்லை. ஒன்பதாவது தூண்போல நின்றார்.

அத்தை தன்னைத்தானே செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, பையனின் அம்மா வால்வைக் கண்ணால் ஓரமாகக் கூப்பிட்டார். அறிவிப்புக் குரலை எவ்வளவு தணித்தும் அது ரகசியமாக மாட்டேன் என்றது.

"சார், நீங்க நீர்த் துறைதானே? எனக்கு ஒரு உதவி. இன்னிக்கு என் நாத்தனார் நனையணும்."

"ஐயோ, எதுக்கும்மா?"

"பாத்தீங்கல்ல, அவ பேச்சை? எண் சொல்றதுதான் சார் என் வேலையே. அதுல ஒரு தப்பு கிடையாது. ஆனா முப்பத்தோரு வருஷமா ஒவ்வொரு விருந்துலயும் இதே கிண்டல். கேட்டுக் கேட்டு, நெஜமாவே நான் தப்பாத் தட்டிட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்திருச்சு. இன்னிக்கு அவ நனைஞ்சா என் மனசு குளிரும். மனசு குளிர்ந்தா, பேச வந்த பேச்சையும் நல்லபடியாப் பேசலாம். இப்ப நான் மூணு தட்டினா மூணுதானே நனையும்?"

வால்வுக்குச் சுரீர் என்றது. கீழே இருக்கும் புது ஃபிட்டருக்கு வாய்ப்பாடு தெரியாதே! இந்த அம்மா மூன்று தட்டினால் பழையபடி ஏழுதானே நனையும்? ஏழு நனைந்தால் கல்யாணமும் சேர்ந்து நனையுமே! மகளுக்குச் செய்த சத்தியம் ஒரு பக்கம் இழுத்தது, மகளின் வாழ்க்கை மறு பக்கம் இழுத்தது. சத்தியம் கசிந்தது.

"ஏழு தட்டுங்க" என்றார்.

"ஏன் ஏழு?"

"அது வந்து... நீர்த் துறையில ஒரு நடைமுறை. எதிர்ப்பக்கமா எண்ணுவோம். நம்பித் தட்டுங்க."

அந்த அம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, பறவைகளை ரசிப்பதுபோல நடந்துபோய், சல்லடையில் ஏழு தட்டுத் தட்டினார். திரும்பி வந்து ஏழில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்து, நாத்தனாரைப் பார்த்து முதல் தடவையாகப் புன்னகைத்தார்.

வால்வு மனசுக்குள் எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு... பத்து... இருபது. கீழே திருகியிருப்பாள். மூன்றாம் ஆசனத்திலிருந்து இருமல் வரவேண்டும். காதைத் தீட்டிக்கொண்டார். இருபத்தொன்று. இருமல் இல்லை. இருபத்திரண்டு. இருபத்துமூன்று.

ஏழாம் ஆசனத்துக்கு அடியிலிருந்து ஒரு விக்கல்.

வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் தவளை என்று நினைத்திருப்பார்கள். வால்வுக்கு மட்டும் அது எமன் வண்டியின் மணிபோலக் கேட்டது. "அம்மா, எழுந்திருங்க!" என்று பாய்ந்தார். அறுபது வயது உடம்பு நாலு கஜம் பறந்ததைக் கூரைப் பறவைகள் பொறாமையோடு பார்த்தன. அந்த அம்மாவின் குடையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். அவர் எழுந்து முன்னால் வந்தார். இவர் சுழன்று ஆசனத்தில் விழுந்தார். இருபத்தைந்து.

கழுத்து, காது, முதுகு, மூக்கு, சட்டைப் பை, எங்கெங்கே துளை இருந்ததோ அங்கங்கே இருந்தெல்லாம் ராஜா காலத்துக் குளிர் அவர்மேல் இறங்கியது. வால்வு அலறினார். முப்பத்தோரு வருஷம் அடுத்தவர் அலறலைத் தரம் பிரித்த மனிதர், தன்னுடையது துருப்பிடித்த கதவு இனம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டார்.

தண்ணீர் நின்றது. சல்லடைக்குள்ளிருந்து புது ஃபிட்டரின் குரல் வந்தது. "வால்வு அண்ணே! நீங்களா? கத்துற குரல் உங்க குரல் மாதிரியே இருக்கே! அண்ணே, நீங்க போனதும் நான் என் கைக்காசுல பெயிண்ட் வாங்கி நம்பரையெல்லாம் சரியா மாத்தி எழுதிட்டேன். முப்பத்தோரு வருஷம் எப்படிண்ணே இந்தத் தப்பு நம்பரை வெச்சுக்கிட்டுக் காலம் தள்ளுனீங்க?"

வால்வின் சட்டை சொட்டியது. மூன்றாம் ஆசனத்திலிருந்து அத்தையின் சிரிப்பு வெடித்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டாள். பையன், அவள் கடையில் சாக்குக்கு வாங்கிய பவரில்லாத கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். எதையும் பார்க்காமல் இருக்க அதுதான் வழி.

பையனின் அம்மா குடையை ஊன்றி நின்றார். "அன்னிக்குக் கீழ இருந்தது நீங்கதானா சார்? சேர்ந்து எத்தனை நாள் ஆகியிருந்துச்சு?"

"நாலாம் நாள்மா" என்றார் வால்வு, பல் கிடுகிடுக்க. "நீங்க தட்டினது நான் சேர்ந்த நாலாம் நாள்."

"நான் எத்தனை தட்டினேன்?"

"மூணு."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"எப்படிம்மா மறக்கும்? மூணே மூணு. தெளிவா, நிறுத்தி நிறுத்தி. மேல படி கிழக்கே, கீழ கதவு மேற்கே. நம்பர் எதிரும் புதிருமா எழுதியிருந்துச்சு. தப்பு எங்க பக்கம். உங்க எண்ணிக்கையில ஒரு குறையும் இல்ல."

"உரக்கச் சொல்லுங்க. மூணாம் ஆசனத்துக்குக் கேக்கணும்."

"மூணுதான் தட்டுனாங்க!" என்று வால்வு கத்தினார். கூரையில் உட்கார்ந்திருந்த ஒரு நிஜப் புறா எழுந்து பறந்தது.

மூன்றாம் ஆசனத்தில் வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்த அத்தையின் சிரிப்பு பாதியில் நின்றது. பையனின் அம்மாவின் முகத்தில், கண்ணாடிச் சில்லு வெயில்போல, ஒரு வெளிச்சம் மெதுவாகப் பரவியது. "அப்ப நான் சரியாத்தான் தட்டியிருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு வால்வைப் பார்த்து, "கீழ போற வழி எங்கே?" என்றார்.

"எதுக்குங்க?" என்று வால்வின் மனைவி பதறினார். தண்டவாளம் நினைவுக்கு வந்திருக்கும்.

"பாக்கணும். நீங்க எல்லாரும் உக்காந்த இடத்தை விட்டு நகரக் கூடாது" என்றார் அந்த அம்மா. ரயிலே நகராது, மனிதர் நகர்வார்களா?

வால்வு வழிகாட்ட, இருவரும் புதர்களுக்குப் பின்னாலிருந்த இரும்புக் கதவைத் திறந்து, பாசி வாசனை வீசும் பதினான்கு படிகளை இறங்கினார்கள். மங்கிய பல்பு. வட்டமாக எட்டு வால்வுகள். ஒவ்வொன்றிலும் புது வெள்ளைப் பெயிண்டில் கொழுகொழுவென்று எண்கள். ஃபிட்டர் ஸ்டூலை விட்டு எழுந்து, சொட்டச் சொட்ட நின்ற வால்வுக்குத் தன் துண்டைக் கொடுத்தாள். பையனின் அம்மா நேராக மூன்றாம் வால்வில் கையை வைத்தார்.

"இதுதானே? இன்னிக்கு மாத்தம் இல்லையே?"

"இல்லம்மா" என்றாள் ஃபிட்டர். "ஆனா மேல யாரும் தட்டலியே? தட்டாம திறக்கிற வழக்கம் இல்ல."

"நான் தட்டிட்டேன்மா. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடியே."

இதற்கு மேல் என்ன விதி பேசுவது? மூவரும் சேர்ந்து இருபது எண்ணினார்கள். அந்த அம்மா திருகினார். குழாய் இருமியது. மேலேயிருந்து ஓர் அலறல் கிளம்பியது. அசல் கிளி இனம், வால் நீண்டது. தொடர்ந்து, "அண்ணீ! நீங்கதானே? எனக்குத் தெரியும், நீங்கதான்!"

பையனின் அம்மா சல்லடைக்கு அடியில் போய் நின்றார். தொண்டையைச் செருமினார். போன வருஷம் ஓய்வுபெற்ற அந்தக் குரல் முழு மிடுக்கோடு மேலே போயிற்று. "பயணிகளின் கவனத்திற்கு! மூன்றாவது நடைமேடைக்கு வரவேண்டிய வண்டி, முப்பத்தோரு வருஷம் தாமதமாக வந்து சேர்ந்தது. தடங்கலுக்கு வருந்துகிறோம்!"

மேலே நனைந்த நாத்தனார் சிரிக்கத் தொடங்கினார். இந்தச் சிரிப்பில் பழைய முள் இல்லை. "வந்து சேருங்க அண்ணி, உங்களை மேல வெச்சுக் கவனிச்சுக்கறேன்!" என்ற குரலில் சிரிப்பைவிடத் தண்ணீர்தான் அதிகம் இருந்தது.

பையனின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வால்வைத் திரும்பிப் பார்த்தார். வால்வு துண்டைப் போர்த்திக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருக்கும் கோழிபோல நடுங்கிக்கொண்டிருந்தார்.

"பசங்க எந்த ஆசனத்துல இருக்காங்க?"

"அஞ்சும் ஆறும்மா."

"அஞ்சு நான் பாத்துக்கறேன். ஆறை நீங்க திருகுங்க, சம்பந்தி."

வால்வின் காதில் மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம் அலறல்களும் ஒரே நேரத்தில் பாட்டாக மாறின. சம்பந்தி! நடுக்கம் போன இடம் தெரியவில்லை. ஆறாம் வால்வைப் பிடித்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எண்ணினார்கள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

மேலே இரண்டு குரல்கள் எழுந்தன. எது மகள், எது பையன் என்று பிரிக்க முடியாமல் ஒரே மூச்சில் ஏறி, ஒரே இடத்தில் உடைந்து, ஒரே சிரிப்பாகக் கொட்டின.

"என்ன இனம்?" என்று சம்பந்தியம்மா ஆவலோடு கேட்டார்.

வால்வு காதைச் சாய்த்து, வைத்தியர் நாடி பார்ப்பதுபோலக் கண்ணை மூடிக் கேட்டார். "இது புது இனம், சம்பந்தி. என் உத்தியோகத்துல கேட்டதே இல்ல. ஆனா பொருத்தம் பத்துக்குப் பத்து."

சந்தோஷத்தில் அவர் கை தானாக அடுத்தடுத்த வால்வுகளை வருடிக்கொண்டே போயிற்று. ஏழைத் தாண்டி எட்டைத் தொட்டதுதான் தாமதம், சல்லடை வழியாக அவர் மனைவியின் குரல் நிதானமாக இறங்கி வந்தது.

"ஏங்க, எட்டுல நான் உக்காந்திருக்கேன். ராத்திரி வீட்டுக்கு வந்துதான் சாப்பிடணும், ஞாபகம் இருக்கட்டும்."

வால்வு சுட்டதுபோலக் கையை எடுத்தார்.